ஸ்டார்ட்டர் ஷரீஃப் வாயை மூடிய ஞாயிற்றுக்கிழமை

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் ஒரு கார் கிளம்ப மறுத்தால், ஜனங்கள் முதலில் செய்வது அதைத் தள்ளுவது. அதுவும் சத்தமில்லாமல் தள்ளுவது. தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது. அதில் ஷரீஃப் பாய் என்பவர் இருபத்தாறு வருடமாகக் கார்களின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறார். அவர் கை வைத்தால் பத்து நிமிடத்தில் வண்டி உறுமும். இருந்தும் தள்ளுகிறார்கள். ஏனென்றால் பழுது பார்க்கத்தான் பத்து நிமிடம். அந்த மோட்டார் எப்படி வேலை செய்கிறது என்று அவர் விளக்க நாற்பது நிமிடம். விளக்கம் முடியாமல் சாவி கைக்கு வராது.

"வண்டிய எடுத்துக்கினு போயிடுவ நைனா. உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாம போனா நாளைக்கு வண்டி உன்ன மதிக்குமா?" என்பது அவருடைய கட்சி.

ஆளுக்குத் தகுந்த விளக்கம் வைத்திருந்தார். மயிலாப்பூரிலிருந்து வரும் சாய்நாத்துக்குத் தேர். "தேரு தானா நகராது மாமா. பின்னால சக்கரத்துல கட்டைய குடுத்து நெம்புறான் பாருங்க, அவன்தான் ஸ்டார்ட்டர். தேரு நகந்ததும் அவன் இன்னா பண்ணணும்?" சாய்நாத் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆத்துல காத்துண்டிருப்பா ஷரீஃப், நான் நகரட்டுமா?" என்பார். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வரும் பாஞ்சாலிக்குப் படகு. அவளுக்குக் காரே கிடையாது. அவளையும் அவர் விடவில்லை. கடலில் படகைத் தள்ளி விடுகிற ஆள், அலை தூக்கியதும் தோளை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் தோள் போய்விடும், ஸ்டார்ட்டரும் அப்படித்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய ஐஸ் கரைந்து நெத்திலி வாடை மாறியிருக்கும்.

இதெல்லாம் தெருவோடு போயிருந்தால் பரவாயில்லை. பாய்க்கு சிம்ரா என்று ஒரே மகள். அடையாறில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். போன வருடம் அவளைப் பெண் பார்க்க ராயப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் மரியாதைக்கு, "உங்க தொழிலப் பத்திச் சொல்லுங்க பாய்" என்று கேட்டுவிட்டார். தேரும் படகும் அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று பாய்க்கே தோன்றி, நின்ற இடத்திலேயே கல்யாண விளக்கம் ஒன்றைத் தயாரித்தார். சாவி என்பது பெண் வீட்டு வார்த்தை. பேட்டரி என்பது மாப்பிள்ளை வீடு, சக்தியெல்லாம் அங்கே. நடுவில் தரகர். எல்லாரும் சேர்ந்து இரண்டு பேரைக் கிளப்பி விடுகிறார்கள். "கிளம்புனதும் மாமியாரு சட்டுனு வெலகிடணும். அங்கயே நின்னாங்கன்னு வைங்க, மொத்தமும் நாசம்."

ராயப்பேட்டைக்காரர்கள் தேநீரை முடிக்காமல் எழுந்தார்கள். தான் சொன்னதை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட ஒரே குடும்பம் அதுதான் என்று ஷரீஃப் பாய் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகையால் இந்த முறை அவருடைய மனைவி கைசர் ஜஹான் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார். வரப்போவது தி. நகர் கமர் ஜஹான். சொந்தமாகத் தையல் கடை வைத்து நடத்தும் பெண்மணி. மகன் ஆசிஃபுக்கு நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஆசிஃப் கண் பரிசோதனைக்கு வந்தவன், பார்வையில் ஒரு குறையும் இல்லாமல் மூன்று தடவை வந்து, நான்காவது தடவை சிம்ராவிடம் நேராகவே கேட்டுவிட்டான். அவளுக்கும் சம்மதம். இனித் தாயார் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அம்மா சரி என்று சொல்லாமல் ஆசிஃப் சட்டைக்குக்கூட நிறம் தேர்ந்தெடுக்க மாட்டான் என்று சிம்ராவே சொல்லியிருந்தாள்.

கைசர் ஜஹான் போனில் கமர் ஜஹானை அக்கா முறையாக்கிக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு ரொம்ப அமைதி ஆபா. வாயே தொறக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதை உண்மையாக்க வேண்டுமே. ஷரீஃப் பாய்க்கு மூன்று வாக்கியங்கள் அனுமதிக்கப்பட்டன. சலாம், நல்லா இருக்கீங்களா, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க.

"தொழில் கேட்டா?" என்றார் பாய்.

"இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கன்னு சொல்லுங்க."

"சிம்ரா, நீயே சொல்லு, இது நாயமா?"

"அப்பா, ஒரே ஒரு மணி நேரம். எனக்காக," என்றாள் மகள். அதற்கு மேல் அந்த மனிதரால் வாதாட முடியவில்லை.

ஞாயிறு நாலு மணிக்குக் கமர் ஜஹான் தங்கை ரூபீனாவுடன் வந்தார். முதல் தடவை பெண்கள் மட்டும் வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். காரை அவரே ஓட்டி வந்தார். ஆசிஃப் நான்கு மாதத்துக்கு முன்னால் அம்மாவுக்காக வாங்கிக் கொடுத்த பழைய கார், கியர் மாற்ற வேண்டாத வகை. அதே தெருவில் இருந்த பாய் வீட்டு மாடியில் சமோசா வந்தது, தம்ரோட் என்ற ரவை இனிப்பு வந்தது, சிம்ரா வந்தாள். பாய் மூன்று வாக்கியங்களையும் வரிசை மாறாமல் சொன்னார். நடுவில் மின்விசிறியின் சத்தம் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. இருபத்தைந்து நிமிடம் அப்படியே போனது. கைசர் ஜஹானுக்கு மனம் குளிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படி ஓர் இருபத்தைந்து நிமிடம் வாய்த்ததில்லை.

விருந்தாளிகள் விடைபெற்றுக் கீழே இறங்கிக் காரில் ஏறினார்கள். கமர் ஜஹான் சாவியைத் திருப்பினார்.

டக்.

அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். மறுபடி ஒரே ஒரு டக்.

மாடி ஜன்னலில் நின்ற ஷரீஃப் பாயின் காதுகள் விறைத்தன. ஒரே டக். டகடகடக என்று அடித்துக்கொண்டால் பேட்டரியில் தெம்பில்லை என்று அர்த்தம். இது ஒரே டக். முன் விளக்கைப் பார்த்தார், மங்கவில்லை. வியாதி, வைத்தியம் எல்லாம் அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினார். கைசர் ஜஹான் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பேட்டரி இல்ல கைசர், அது உள்ள..."

"மூச்."

அதற்குள் கீழே தெருவின் வழக்கம் தொடங்கிவிட்டது. ஆட்டோ ஓட்டும் லாரன்ஸ் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்தான். இஸ்திரி போடும் ரகுபதி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். கூடையோடு போய்க்கொண்டிருந்த பாஞ்சாலியும் நின்றாள்.

"இன்னா மாமா பாத்துக்கினு கீற? பாய் காதுல வுழறதுக்குள்ள தள்ளு," என்றான் லாரன்ஸ்.

"பாய் வீட்லதான் இன்னிக்கு விருந்தாளி வந்துகீறாங்க. அவரு வர மாட்டாரு," என்றார் ரகுபதி.

"வந்தாருன்னா படகு கதைய ஆரம்பிச்சிடுவாரு, என் மீனு நாறிடும். தள்ளுங்கய்யா," என்று பாஞ்சாலி கூடையைக் காரின் கூரைமேல் ஏற்றிவிட்டுத் தானும் கை கொடுத்தாள்.

யார் கார், என்ன கார் என்று பார்க்கவில்லை. தள்ளித் தள்ளியே பழகிய தெரு அது. கார் நகர்ந்தது. வேகம் பிடித்ததும் லாரன்ஸ் கத்தினான், "யம்மா! செகண்ட் போட்டு கிளச்ச வுடுங்க!"

"கிளச் இல்லப்பா," என்றார் கமர் ஜஹான் ஜன்னல் வழியாக.

"இல்லயா? எங்க வுட்டீங்க?"

"இந்த வண்டிக்கே கிடையாதாம்."

"கடைல கேட்டு வாங்கியிருக்கணும்மா," என்றார் ரகுபதி வருத்தத்தோடு. "இன்னும் ஒரு தபா தள்ளு லாரன்ஸு. கிளச் இல்லாததால கொஞ்சம் ஜாஸ்தி தள்ளணும்."

ஸ்டேஷன் பக்கம் ஒரு தடவை. அங்கிருந்து திருப்பிக் குழாயடிவரை ஒரு தடவை. மறுபடி ஸ்டேஷன். பெண் பார்க்க வந்த இரண்டு பெண்மணிகள், கூரைமேல் வஞ்சிரக் கூடையுடன், அந்தத் தெருவின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்வையிட்டார்கள். ஒவ்வொரு முறை கார் ஜன்னலுக்குக் கீழே கடந்தபோதும் ஷரீஃப் பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினார். அந்த வகைக் கார்களில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய்தான் இருக்கிறது. சக்கரத்தைத் தள்ளி இன்ஜினைச் சுற்ற வைக்க முடியாது. பெங்களூருவரை தள்ளினாலும் கார் பெங்களூருக்குத்தான் போகும், கிளம்பாது. இதை அவர் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். சொல்லக் கூடாது.

லாரன்ஸ் தன் ஆட்டோவிலிருந்து கயிறு எடுத்து வந்தபோது சிம்ராவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, இப்படியே விட்டா அவங்களக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போவாங்க. அப்பா போய்ச் சரி பண்ணட்டும். கைதானே வேலை செய்யணும், வாய் எதுக்கு?"

கைசர் ஜஹான் யோசித்தார். சமையலறைக்குப் போனார். தம்ரோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்தார்.

"வாயத் தொறங்க."

திறந்தார். முழுத் துண்டும் உள்ளே போனது.

"இதை முழுங்காம கீழ போறீங்க, சரி பண்றீங்க, மேல வர்றீங்க."

இரண்டு கன்னமும் உப்பியிருக்க, கையில் நீளமான ஸ்பேனருடன் ஷரீஃப் பாய் தெருவுக்கு வந்தார். தள்ளிக்கொண்டிருந்த மூவரும் திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர்கள் போல நின்றார்கள். ஆனால் பாய் ஒன்றும் பேசவில்லை. பானட்டைத் திறந்தார். குனிந்தார். கமர் ஜஹானைப் பார்த்துச் சாவியைத் திருப்பிப் பிடிக்கும்படி விரலால் சைகை செய்தார். டக். ஸ்பேனரின் பின்பக்கத்தை உள்ளே விட்டு, தூங்குகிறவர் முதுகில் தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டினார்.

கார் உறுமிக்கொண்டு எழுந்தது.

"ஒரு வார்த்த பேசல மாமா," என்று லாரன்ஸ் ரகுபதியின் காதில் கிசுகிசுத்தான். "பாய்க்கு ஒடம்பு எதுனா சரியில்லயா?"

கமர் ஜஹான் காரிலிருந்து இறங்கி வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "பாய், என்ன பண்ணீங்க? தட்டுனா எப்படி ஓடுது?"

பாய் வாயைச் சுட்டிக் காட்டினார். கண்கள், மகளோடு பின்னாலேயே இறங்கி வந்திருந்த மனைவியைக் கெஞ்சின. கைசர் ஜஹான் ஆபத்தை உணர்ந்து முன்னால் வந்து நின்றுகொண்டார். இருபத்தாறு வருடம் ஒரே பாடத்தைக் கேட்டவர், தானே சொல்லி முடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார்.

"அது ஒண்ணுமில்ல ஆபா. சின்னதா ஒரு மோட்டார். அதுக்கு முன்னால சின்னதா ஒரு பல்சக்கரம், பத்துப் பல்லு இருக்கும். இன்ஜின் பக்கத்துல பெரிய சக்கரம், நூத்துக்கு மேல பல்லு. சாவியத் திருப்புனதும் மோட்டார் கிர்ருனு சுத்தி வேகம் எடுக்கும். வேகம் எடுத்ததும் சின்ன சக்கரம் ஓடிப் போய்ப் பெரிய சக்கரத்துல மாட்டிக்கும். அப்படியே இன்ஜினச் சுத்திவிட்டுட்டு வந்துரும். அவ்ளோதான். பாத்துப் போங்க ஆபா."

ஷரீஃப் பாயின் முகம் மாறியது. மௌனம் காப்பது அவருக்குக் கஷ்டம்தான், ஆனால் முடிந்தது. மாடியில் முடிந்தது, கார் மூன்று தடவை கடந்தபோது முடிந்தது. இது வேறு. தன் வீட்டிலிருந்தே, நாலு பேர் நடுவில், மோட்டார் முதலில் சுற்றி அப்புறம் பல் மாட்டுகிறது என்று ஒரு பொய் வெளியே போய்விட்டது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. தம்ரோட் முழுசாக உள்ளே போனது.

"தப்பு," என்றார்.

"என்னங்க..."

"தப்பு கைசர். மொதல்ல போய் மாட்டும். மாட்டுன அப்பறம்தான் சுத்தும். சுத்திக்கினே போய் மாட்டுனா பல்லு பூரா தூளாயிடாதா? இத்தினி வருஷமா இன்னாத்தக் கேட்டுக்கினு இருந்த?"

பாஞ்சாலி கூரையிலிருந்து கூடையை இறக்கி, நிழலான இடமாகப் பார்த்து வைத்தாள். அவளுக்குத் தெரியும், இது இப்போது முடியாது.

"சாவியில வர்றது சின்ன கரன்ட்டும்மா. மோட்டாரு மேல குட்டியா ஒரு டப்பா ஒக்காந்துகினு கீதே, சோலனாய்டு, அது உள்ள கம்பிச் சுருளு. கரன்ட்டு போனதும் அது காந்தமாயிடும். நடுவுல ஒரு இரும்புத் தண்டு, அத உள்ள இழுக்கும். அந்த ஒரே இழுப்புல ரெண்டு வேல. தண்டோட இந்தப் பக்கம் பல்சக்கரத்த முன்னால தள்ளி மாட்டி வுடும். அந்தப் பக்கம் ஒரு செம்புத் தட்டு போய் ரெண்டு போல்ட்ட ஒண்ணா சேக்கும். சேந்ததும் பேட்டரியோட மொத்த பலமும் மோட்டாருக்குள்ள எறங்கும். அந்த செம்புத் தட்டு மோதுற சத்தம்தான் நீங்க கேட்ட டக்கு. ஆக, தண்டு வேல செஞ்சிடுச்சி. சுத்த வேண்டிய மோட்டாருதான் சுத்தல. ஏன்? உள்ள கரன்ட்ட கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சி எங்கயோ மாட்டிக்கினு கீது. தட்டுனா எறங்கி ஒட்டும். இன்னிக்கி ஒட்டும், நாளைக்கி ஒட்டாது. வண்டிய மட்டும் நிறுத்திடாதீங்க!"

இடது கை முஷ்டி பெரிய சக்கரமாகவும் வலது கைச் சுண்டு விரல் சின்ன சக்கரமாகவும் இதெல்லாம் நடித்துக் காட்டப்பட்டது. கைசர் ஜஹான் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். ராயப்பேட்டை போயிற்று, தி. நகரும் போயிற்று. மேற்கே இனி எத்தனை பேட்டைகள் பாக்கி இருக்கின்றன என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். சிம்ரா அம்மாவின் தோளைப் பிடித்தபடி, கமர் ஜஹானின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கமர் ஜஹான் புர்காவின் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பாய், ஒரு சந்தேகம். எங்க தையல் மெஷின்ல பாபினுக்கு நூல் சுத்தும்போது சக்கரத்துல இருக்கற குமிழைத் தளர்த்தி விட்ருவோம். சக்கரம் சுத்தும், ஊசி நிக்கும். இங்க அந்தக் குமிழ் எங்க இருக்கு? இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் நான் உடனே சாவிய விட மாட்டேன். எனக்கு எப்பவும் ரெண்டு செகண்ட் லேட்டாகும், ஆசிஃப் திட்டுவான். அந்த ரெண்டு செகண்டு அவ்ளோ பெரிய சக்கரம் இந்தச் சின்னதப் புடிச்சிச் சுத்துமே. மோட்டார் ஏன் வெடிக்கல?"

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள்.

இந்தத் தொழிலில் அவரிடம் இதுவரை கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டுதான். எப்போது ரெடியாகும் என்பது ஒன்று, முடித்துவிட்டீர்களா என்பது இன்னொன்று. ஏன் வெடிக்கவில்லை என்று ஒருவர் கேட்பார், அதுவும் சரியான இடத்தில் விரலை வைத்துக் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. திடீரென்று செருப்பை உதறிவிட்டுத் தெருமுனைக் கடைக்கு ஓடினார். ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. கையில் கிரீஸ் வழியும் ஒரு பழைய பல்சக்கரத்தோடு திரும்பி வந்து, அதைக் கமர் ஜஹானின் கையில் வைத்தார்.

"இப்டி சுத்துங்க," என்றார்.

சுற்றினார். இறுகப் பிடித்துக்கொண்டது.

"இப்ப அப்டி."

வழுவழுவென்று சுழன்றது.

"உள்ள சின்னச் சின்ன உருளைங்க. மோட்டாரு தள்ளுனா புடிச்சிக்கும். இன்ஜின் இவன வேகமா இழுத்தா வுட்ரும். பல்லு மட்டும் சுத்தும், மோட்டாரு பாட்டுக்கு தன் வேகத்துல சுத்தினு இருக்கும். ரெண்டு செகண்ட் லேட்டானா பரவால்ல. ஒரு நிமிஷம் புடிச்சிக்கினு நிக்காதீங்க."

கமர் ஜஹான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்துப் பதினைந்து தடவை சுற்றிப் பார்த்தார். பத்து விரலிலும் கிரீஸ். "ஓ," என்றார். "அட," என்றார். காருக்குள்ளிருந்து ரூபீனா, "ஆபா, பெட்ரோல் எரிஞ்சிட்டிருக்கு," என்றது அவர் காதில் ஏறவில்லை.

பிறகு படியில் உட்கார்ந்திருந்த கைசர் ஜஹானிடம் வந்தார்.

"உங்க வீட்ல சர்க்கரை இருக்கா?"

மயக்கம் வந்துவிட்டது என்று பயந்து கைசர் ஜஹான் மேலே ஓடி, சர்க்கரை டப்பாவையும் ஒரு சொம்பு தண்ணீரையும் கொண்டு வந்தார்.

"வெளிப்படையாச் சொல்லிடறேன்," என்றார் கமர் ஜஹான். "வேணாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் மாடியிலேருந்து எறங்குனேன். பொண்ணு தங்கம்தான். ஆனா ரொம்ப அமைதியான குடும்பம்னு சொன்னீங்களே, வந்து உக்காந்தா நெஜமாவே அமைதி. எங்க கடையில ஏழு மெஷின் ஓடும், ஏழு பொண்ணுங்க பேசும். உங்க மாடியில அரை மணி நேரத்துல எனக்குத் தலைவலியே வந்துருச்சி. இந்த வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா எங்க சத்தத்துல செத்துப்போயிடுமேன்னு நெனச்சேன்." சிம்ராவின் பக்கம் திரும்பினார். "ஆசிஃப் எல்லாம் சொல்லிட்டான். உனக்குச் சம்மதம்தானே?"

சிம்ரா, "ம்," என்றாள். அவ்வளவு வேகமான ஒரு 'ம்' அந்தத் தெருவில் அதுவரை கேட்டதில்லை.

கமர் ஜஹான் டப்பாவில் விரலை விட்டு ஒரு சிட்டிகை சர்க்கரை எடுத்து அவள் வாயில் போட்டார். அவர்கள் வழக்கப்படி அதோடு சம்பந்தம் முடிந்தது. சர்க்கரையில் பாதி கிரீஸ். சிம்ரா முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினாள். பாஞ்சாலி குலவை போட்டாள். லாரன்ஸ் ஆட்டோ ஹாரனை அடித்தான்.

கார் இன்னும் ஓடிக்கொண்டேயிருந்தது. வழியில் எங்காவது நின்றுவிட்டால் மறுபடி தட்ட ஆள் வேண்டும். யாரும் கூப்பிடுவதற்கு முன்பே ஷரீஃப் பாய் ஸ்பேனரோடும் பல்சக்கரத்தோடும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில் தலையை நீட்டிவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு இப்படியா போவார்கள் என்று கைசர் ஜஹான் கையை ஆட்டுவதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

"இன்னொன்னு கேட்டீங்கன்னா பாருங்க," என்ற குரல் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது.

கைசர் ஜஹான் லாரன்ஸைப் பார்த்தார். "இங்கேருந்து தி. நகர் எவ்ளோ நேரம்பா ஆகும்?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம்க்கா," என்றான் லாரன்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு. "முக்கா மணி நேரத்துக்குக் கொறையாது."

விளக்கத்துக்கு நாற்பது நிமிடம் போதும். கைசர் ஜஹான் சர்க்கரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி படியில் உட்கார்ந்தார்.